ஒரு காப்பிக் கடை, மூன்று நாட்டு எண்கள்

2010-ஆம் ஆண்டில் பிரிஷ்டினா நகரத்துக் காப்பிக் கடை ஒன்றுக்குள் நுழைந்திருந்தால் ஒரு வேடிக்கையைப் பார்த்திருக்கலாம். கல்லாவில் இருக்கும் தரைவழித் தொலைபேசியை வெளிநாட்டிலிருந்து அழைக்க +381 போட வேண்டும். அது செர்பியாவின் எண். கடைக்காரரின் கைப்பேசிக்கு +377, அதாவது மொனாக்கோ. எதிரே காப்பி குடிப்பவரின் கைப்பேசிக்கு +386, அதாவது ஸ்லோவேனியா. மூன்று தொலைபேசிகளும் இருப்பதோ கொசோவோவின் தலைநகரில்.

நாட்டு எண் என்பது கொடியோ முத்திரையோ அல்ல. அது வழிகாட்டிப் பலகை. நாம் எண்ணை அழுத்தியதும் நம் நாட்டு இணைப்பகம் முதல் சில இலக்கங்களை மட்டும் படித்து, அழைப்பை எந்த நாட்டு வாசலில் ஒப்படைப்பது என்று தன் அட்டவணையில் தேடுகிறது. மீதி இலக்கங்களைப் படிப்பது அந்த வாசலில் இருப்பவர்களின் வேலை. நாட்டு எண் ஒன்று முதல் மூன்று இலக்கம். முழு எண்ணும் சேர்ந்து பதினைந்து இலக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதிகளை வகுத்து எண்களைப் பங்கிட்டுத் தருவது ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஐரோப்பாவுக்கு 3, 4 என்று தொடங்கும் எண்கள்.

ஒரு நாட்டுக்கு இரண்டு இலக்க எண் கொடுத்துவிட்டால், அதே இலக்கங்களில் தொடங்கும் மூன்று இலக்க எண்ணை வேறு யாருக்கும் தர முடியாது. தந்தால், எங்கே நிறுத்திப் படிப்பது என்று இணைப்பகம் திணறும். யூகோஸ்லாவியாவிடம் 38 இருந்தது. அந்த நாடு உடைந்ததும் எண்ணும் உடைந்தது: செர்பியாவுக்கு 381, குரோஷியாவுக்கு 385, ஸ்லோவேனியாவுக்கு 386, போஸ்னியாவுக்கு 387, மாசிடோனியாவுக்கு 389. பின்னால் பிரிந்த மான்டனீக்ரோவுக்கு 382. அடுத்திருந்த 383 காலியாகவே கிடந்தது.

கொசோவோ அதைக் கேட்டு வாங்க முடியவில்லை. 1999 போருக்குப் பின் அது ஐ.நா. நிர்வாகத்தில் இருந்தது, 2008 பிப்ரவரியில் செர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தது. செர்பியா அதை ஏற்கவில்லை. தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐ.நா.வின் அமைப்பு. கொசோவோ அதில் உறுப்பினர் அல்ல. விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடும் தகுதியே அதற்கு இல்லை.

ஆனால் மக்களுக்குக் கைப்பேசி வேண்டுமே! எனவே வாடகை வீடு போல வாடகை எண். வாலா நிறுவனம் மொனாக்கோவின் எண்ணிலும், பிறகு வந்த இப்கோ நிறுவனம் ஸ்லோவேனியாவின் எண்ணிலும் குடியேறின. வாடகை சும்மா வராது. வெளிநாட்டு அழைப்பு ஒன்று வந்தால், அழைப்பவரின் நிறுவனம் அதை உரியவரிடம் கொண்டுசேர்க்கும் நிறுவனத்துக்குக் கட்டணம் தர வேண்டும். அது எண்ணுக்கு உரிய நாட்டின் வாசல் வழியாகவே வருவதால் அங்கேயும் ஒரு பங்கு போய்விடும். இதில் எனக்குப் பிடித்த முரண் மொனாக்கோவின் எண்தான். 37 என்பது கிழக்கு ஜெர்மனியின் எண். அந்த நாடு மறைந்த பிறகு அதைப் பத்தாக அறுத்ததில் மொனாக்கோவுக்குக் கிடைத்த துண்டு 377. செத்துப்போன ஒரு நாட்டின் எண்ணில், பிறந்ததா இல்லையா என்று உலகம் முடிவு செய்யாத ஒரு நாடு பேசிக்கொண்டிருந்தது.

உரிமை தகராறில் உள்ள எல்லா இடங்களுக்கும் ஒரே விதி இல்லை. பாலஸ்தீனத்துக்கு 970, தைவானுக்கு 886 எனத் தனி எண்கள் உண்டு. வடக்கு சைப்ரஸோ துருக்கியின் 90-க்குள் ஒரு பகுதி எண்ணாக, 392-ஆக, ஒடுங்கியிருக்கிறது.

கொசோவோவுக்குக் கதவைத் திறந்தது பிரஸ்ஸல்ஸ் பேச்சுவார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் நடுவில் இருக்க, 2013-இல் செர்பியாவும் கொசோவோவும் தொலைத்தொடர்பு பற்றி உடன்பட்டன. 2015 ஆகஸ்டில் செயல்திட்டம் முடிவானது. செர்பியாவின் தொலைபேசி நிறுவனத்துக்குக் கொசோவோவில் ஒரு துணை நிறுவனம் என்பது அந்தப் பேரத்தின் மறுபக்கம். 2016 டிசம்பர் 15 அன்று 383 ஒதுக்கப்பட்டது. விண்ணப்பம் போனது செர்பியாவின் பெயரில்! இது ஒரு புவியியல் பகுதிக்கான எண் என்றது செர்பியத் தலைநகர் பெல்கிரேடு. எங்கள் நாட்டு எண் என்றது பிரிஷ்டினா. இருவருமே தங்கள் ஊரில் வெற்றி என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. இராஜதந்திரத்தில் இதைவிடச் சிக்கனமான மூன்று இலக்கங்களை நான் பார்த்ததில்லை.

எண் கிடைத்ததும் மணி அடித்துவிடாது. உலகத்துத் தொலைபேசி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தன் அட்டவணையில் 383-ஐ ஏற்றி, அதற்கான பாதையையும் கட்டணத்தையும் பதிய வேண்டும். ஏற்றாத நிறுவனத்தின் இணைப்பகத்துக்கு அது வெறும் தவறான எண். எனவே பழைய எண்களும் புதியதும் சில காலம் சேர்ந்தே ஓடின. உள்ளூரில் அழைப்பவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை: +377 44 என்று தொடங்கியது +383 44 ஆனது, +386 49 என்றது +383 49 ஆனது. பிரிஷ்டினாவின் தரைவழி எண்களுக்கு +381 38 போய் +383 38 வந்தது. சிம் அட்டைக்குள் நம் கண்ணில் படாமல் இருக்கும் நாட்டு அடையாள எண் வேறு. அதுவும் தனியாக, 221 என்று, ஒதுக்கப்பட்டது.

இணையத்தில் மட்டும் கதை நகரவில்லை. நாட்டுக்கான இரண்டெழுத்து முகவரிகள் (இந்தியாவின் .in போல) வேறொரு பட்டியலைப் பார்த்துத் தரப்படுகின்றன. அந்தப் பட்டியல் ஐ.நா.வின் நாட்டுப் பெயர்களைப் பின்பற்றுகிறது. அதில் கொசோவோ இல்லை. அதனால் பிரிஷ்டினாவின் அரசு அலுவலகங்கள் இன்னும் பொதுவான இணைய முகவரிகளில்தான் காலம் தள்ளுகின்றன.