வசனம் இருக்கிறது என்பது போதுமா?

பைபிளைத் திறந்து என் மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "வசனம் பொய் சொல்லுமா ஐயா?"

அடிக்கோடிட்டிருந்தது 1 பேதுரு 2:24-இன் கடைசிப் பகுதி: "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்." பல வருடமாகச் சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுவந்தவர். ஒரு ஜெபக்குழுவில் இந்த வசனத்தைச் சொல்லி, இனி ஊசி போடுவது அவிசுவாசம் என்று போதித்திருக்கிறார்கள். நிறுத்தி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மகன்தான் கெஞ்சி அழைத்து வந்திருந்தார். உதடு உலர்ந்து, நான்கு வார்த்தை பேசுவதற்குள் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

முதலில் மருத்துவரிடம் அனுப்பினேன். வேதபாடம் காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. உடல் தேறி அவர் திரும்பி வந்த பிறகுதான் உட்கார்ந்து வாசித்தோம்.

சபை ஊழியத்தோடு இறையியல் மாணவர்களுக்கு வேத விளக்கமும் கற்றுக்கொடுக்கிறவன் நான். "ஒரே பைபிள்தானே, ஏன் இத்தனை உபதேசம்?" என்ற கேள்வி வாரம் தவறாமல் என்னிடம் வருகிறது. கேட்கிறவர்களில் பலர் சலித்துப்போனவர்கள். சிலர், எதையும் உறுதியாக அறிய முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர், யார் அதிக உறுதியோடு பேசுகிறாரோ அவர் பின்னால் போய்விடுகிறார்கள். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது வழி உயிரையே வாங்கிவிடும் என்பதை அந்த அம்மாவிடம் கண்டேன்.

அந்த ஒரு வரியை விட்டுவிட்டு 18-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கச் சொன்னேன். அங்கே பேதுரு முரட்டு எஜமான்களிடம் அடிபடும் வேலைக்காரர்களோடு பேசுகிறார். அநியாயமாய்ப் பாடுபடும்போது, வையப்பட்டும் பதில் வையாத கிறிஸ்துவைப் பாருங்கள் என்கிறார். 24-ஆம் வசனத்தின் தொடக்கமே, நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு அவர் நம் பாவங்களைச் சுமந்தார் என்பதுதான். அடுத்த வசனம், சிதறுண்ட ஆடுகள் தங்கள் ஆத்துமாக்களின் மேய்ப்பரிடம் திரும்பியதைச் சொல்கிறது. இங்கே பேதுரு சொல்லும் குணம், வழிதப்பிப் போனவர்கள் திரும்பி வந்தது.

"ஆனா மத்தேயுல நோய்களைச் சுமந்தார்னு இருக்கே?" என்று மகன் கேட்டார். நல்ல கேள்வி. மத்தேயு 8:17 ஏசாயா 53-ஐ எடுத்து, இயேசு உடல் நோயாளிகளைச் சுகமாக்கியதோடு இணைக்கிறது. அதை நான் மறைக்கவில்லை. மறைத்தால் அந்தக் குழுவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தேவன் சுகமாக்குகிறார். நோயாளிகள் தலைமேல் கைவைத்து நானும் ஜெபிக்கிறேன். ஆனால் மருந்து எடுப்பது பாவம் என்று அந்த வசனம் எங்கே சொல்கிறது?

பிறகு, அப்போஸ்தலன் பவுலோடு ஊழியம் செய்த மூன்று பேரை வேதத்தில் தேடிப் பார்த்தோம். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னது பவுல். எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்வரை வியாதிப்பட்டான். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20-இல் பவுலே எழுதுகிறார். அந்த அம்மா நெடுநேரம் அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பவுலுக்கே விசுவாசம் இல்லாமப் போச்சா ஐயா?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் அவருக்கே தெரிந்திருந்தது.

'வசனம் இருக்கிறது' என்று யார் வந்து நின்றாலும் எனக்கு மத்தேயு 4-ஆம் அதிகாரம் நினைவுக்கு வரும். தேவாலயத்து உப்பரிகையில் நின்று பிசாசு எடுத்துக் காட்டியதும் வசனம்தான், தேவதூதர்கள் உன்னைக் காப்பார்கள் என்கிற 91-ஆம் சங்கீதம். 'உன் வழிகளிலெல்லாம்' என்ற சொல் மட்டும் அவன் வாயில் வரவில்லை. இயேசு அந்தச் சங்கீதம் பொய் என்று சொல்லவில்லை. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்றும் எழுதியிருக்கிறதே" என்றார். அந்த 'என்றும்' என்பதில் உள்ள 'உம்'மைக் கவனியுங்கள். மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதுவது அதைத்தான். ஒரு வசனம் சொல்வதைத் தள்ளாமல், வேறு என்ன எழுதியிருக்கிறது என்று தேடுகிற பழக்கம் அந்த 'உம்'மில் இருக்கிறது. பாதி உண்மையைப் பிடித்து நிற்கும் உபதேசம் அதற்குமுன் நிற்காது.

வரலாறும் இதையே காட்டுகிறது. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மூப்பராயிருந்த ஆரியஸ், தேவகுமாரனாகிய இயேசு படைக்கப்பட்டவர் என்று போதித்தபோது கைநிறைய வசனம் வைத்திருந்தார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28 அதில் ஒன்று. நீதிமொழிகள் 8:22 இன்னொன்று; அன்று புழக்கத்திலிருந்த கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே 'படைத்தார்' என்றே இருந்தது. 325-இல் நிசேயா நகரில் கூடிய கண்காணிகளுக்கு, அதாவது சபைத் தலைவர்களான ஆயர்களுக்கு, வந்த சிக்கல் இதுதான்: வேதத்திலிருந்து எந்தச் சொற்றொடரை எடுத்து வைத்தாலும், ஆரியஸ் தரப்பு தன் பொருளில் அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது. அதனால்தான் பிதாவோடு ஒரே சாராம்சமுடையவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை, சபையின் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணத்தில் சேர்த்தார்கள். அந்தச் சொல் பைபிளில் இல்லை. ஆனால் கிறிஸ்துவைப் பற்றி யோவான் 1:1 சொல்லும் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்பதையும், "என்னிலும் பெரியவர்" என்பதையும் ஒன்றையொன்று வெட்டாமல் சேர்த்து வாசிக்க அது காவலாக நின்றது. நம்மிடம் ஒருவர் "எனக்கு எந்தப் பிரமாணமும் வேண்டாம், பைபிள் மட்டும் போதும்" என்று சொன்னால், அந்தப் பக்தியை மதித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்வேன். 1,700 வருடமாகச் சபை அடிபட்டுக் கற்றதை ஒரே நாளில் தூக்கிப்போடத் துணிகிறவரிடம் கவனமாயிருங்கள்.

எல்லா வேறுபாடும் ஒரே எடை அல்ல. 1529-இல் ஜெர்மனியின் மார்புர்க் நகரில், சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் சந்தித்தார்கள். எழுதிவைத்த 15 கூற்றுகளில் 14-இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்தைப் பற்றிய கடைசிக் கூற்றிலும் பலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். கிறிஸ்துவின் சரீரம் அதில் எப்படி இருக்கிறது என்பதில் மட்டும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவு இன்றுவரை முழுமையாக ஆறவில்லை என்பது எனக்கு வருத்தம். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், உயிர்த்தெழுந்தார் என்பதை 1 கொரிந்தியர் 15-இல் பவுல் பிரதானம் என்கிறார். உணவையும் விசேஷ நாட்களையும் பற்றி ரோமர் 14-இல் அவனவன் தன் மனதில் நிச்சயப்படட்டும் என்று விட்டுவிடுகிறார். எதைப் பிரதானம் என்றும் எதற்கு இடங்கொடுக்கலாம் என்றும் பிரித்தறியாத சபை, ஞானஸ்நானத் தண்ணீரின் அளவுக்காகச் சண்டையிடும். கிறிஸ்துவின் தெய்வத்துவத்தை மறுக்கிறவரை மேடையேற்றிவிடும்.

நானும் தவறு செய்திருக்கிறேன். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11-ஐ எடுத்து, வேலை தேடும் இளைஞர்களுக்குச் சீக்கிரம் கதவு திறக்கும் என்று வாக்குத்தத்தமாகப் பிரசங்கித்தேன். அதற்கு முந்தைய வசனத்தை வாசிக்கவில்லை. அதில் 70 வருடம் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு, வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அங்கே நெடுநாள் இருக்கப்போகிறீர்கள் என்று சொன்ன கடிதம். இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகும் என்று முந்தைய அதிகாரத்தில் சொன்னவன் அனனியா, கள்ளத் தீர்க்கதரிசி. எரேமியாவின் வசனத்தைச் சொல்லி நான் அனனியாவின் செய்தியைப் பிரசங்கித்திருந்தேன். அதில் நம்பிக்கை வைத்து, நாள் கடந்தபின் சபைக்கு வருவதையே நிறுத்திய ஒரு தம்பியை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் வருகைக்கு நாள் குறிக்கிறவர்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தானியேல் 8:14-ஐ வைத்துக் கணக்குப் போட்டு 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்திருந்த, அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லரின் கூட்டத்தார், மறுநாள் காலை அழுதார்கள். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்கிற மாற்கு 13:32 அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது.

கடைசியாக ஒன்று. போதனையைச் சோதிக்க உங்களுக்குக் கிரேக்கமோ எபிரெயமோ தெரியவேண்டும் என்றில்லை, தெரிந்தவர்களிடம் கேட்கலாம். ஆனால் போதிக்கிறவர் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பார்க்க யாருக்கும் முடியும். பெரோயா பட்டணத்தார் சோதித்தது அப்போஸ்தலனாகிய பவுலின் பேச்சை. அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17:11. 'எனக்கு நேரடி வெளிப்பாடு, என்னைக் கேள்வி கேட்பது ஆவியானவரைக் கேள்வி கேட்பது' என்று ஒருவர் சொன்னால், பவுலுக்கு இல்லாத சலுகையை அவர் கேட்கிறார்.

அந்த அம்மா தன் பழைய ஜெபக்குழுவுக்கு ஒருமுறை போனார். சண்டை போட அல்ல. அவர்கள்மேல் இன்றும் பாசம் உண்டு. துரோப்பீமுவைப் பற்றி மட்டும் கேட்டாராம். அடுத்த வாரம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அழுதுகொண்டே போனில் பேசினார். இப்போது ஊசி போடுகிறார், சுகத்துக்காக ஜெபிக்கவும் சொல்கிறார். எங்கள் வேதபாடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார். போன வாரம் பதினோரு கேள்வி எழுதி வந்திருந்தார். நான்குக்குத்தான் நேரம் இருந்தது.