ஆஞ்சியோகிராம்: ‘வரைவி’ அன்று, சாயப்படம்

பெரியப்பாவுக்கு இதய இரத்தக்குழாய்ச் சோதனையான ஆஞ்சியோகிராமுக்கு நாள் குறித்திருந்தார்கள். முதல் நாள் மாலை ஒப்புதல் படிவத்தைப் படித்துக்கொண்டு வந்தவர், ‘இரத்தநாள வரைவி செய்துகொள்ளச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “வரைவின்னு எதையோ உள்ளே வச்சுத் தைக்கப் போறாங்களாப்பா?” என்று கேட்டார். மருத்துவக் கட்டுரைகளில் ஆஞ்சியோகிராமுக்கு ஈடாக இச்சொல்லைப் பலமுறை கண்டு சலித்திருந்த எனக்கு அதன் கேடு அன்றுதான் முழுதாக விளங்கியது.

‘ஆஞ்சியோ’ என்பது கலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது; ‘கிராம்’ என்றால் எழுதப்பட்டது. 1927-இல் லிஸ்பனில் போர்ச்சுகீசிய நரம்பியல் மருத்துவர் எகாஸ் மோனிஸ், குழாய்க்குள் ஒரு நீர்மத்தைச் செலுத்தி, மூளையின் இரத்தக்குழாய்களை ஊடுகதிரால் (எக்ஸ்ரே) படம்பிடித்துக் காட்டினார்.

‘வரைவி’யின் பிழை அதன் ஈற்றில் இருக்கிறது. மின்மாற்றி, குளிரூட்டி, ஒலிபெருக்கி என இகரத்தில் முடியும் இத்தகைய ஆக்கங்கள் தொழிலைச் செய்யும் கருவியைக் குறிப்பவை; அவ்வழக்கில் வரைவி என்றால் வரைகின்ற பொறிதான். கருவிக்கு ‘கிராஃப்’, செயலுக்கு ‘கிராஃபி’, கிடைத்த படத்துக்கு ‘கிராம்’ என்று மூலத்தில் பிரிவு தெளிவாக இருக்க, மூன்றையும் ஒரே சொல்லில் அடைப்பது மொழிபெயர்ப்பாகாது. பெரியப்பா தமிழைச் சரியாகத்தான் படித்தார். ‘நாளம்’ இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் இரத்தநாளம் எல்லா இரத்தக்குழாய்களுக்கும் பொதுச்சொல். இலங்கைப் பாடநூல்களிலோ நாடி, நாளம் எனப் பிரித்து, நாம் சிரை என்பதையே நாளம் என்கிறார்கள். இதயச் சோதனையில் பார்ப்பது தமனியை, அதாவது அவர்கள் நாடி என்பதை. எனவே ‘நாள வரைவி’யைப் படிக்கும் யாழ்ப்பாணத்தவர் வேறொரு குழாயை நினைக்க இடமுண்டு.

குருதிக்குழல் என்போரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயினும் நோயாளியின் வாயில் வழங்கும் இரத்தக்குழாயே போதும். ‘இரத்தக்குழாய்ச் சாயப்படம்’ என்பது என் பரிந்துரை. உள்ளே செலுத்தும் அயோடின் கலந்த நீர்மம் எதற்கும் நிறமேற்றுவதில்லை, ஊடுகதிரைத் தடுத்துக் குழாயின் உருவைக் காட்டுகிறது, அதைச் சாயம் எனலாமா என்று மறுப்பார்கள். மறுப்பு நியாயமானதே. ஆனால் நோயாளி அறிய வேண்டியவற்றுள் பெரும்பகுதி அந்நீர்மத்தைச் சுற்றியே இருக்கிறது: சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும் என்பதால் அதன் செயல்திறனைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் முன்கூட்டியே பார்க்கிறார்கள், சிலருக்கு மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை நிறுத்தி வைக்கிறார்கள், மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ நுழைத்த மெல்லிய குழாய் வழியே அது பாயும்போது உடம்பில் சட்டெனச் சூடு பரவக்கூடும். மேலும், படம் என்ற சொல் இருந்தால், அடைப்பை விரித்துச் சரிசெய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி வேறு என்பதும் புலப்படும். இன்று இரண்டையும் ‘ஆஞ்சியோ’ என்றே சொல்லிக் குழம்புகிறோம்.

அதே படிவத்தில் ‘மாறுபாட்டு முகவருக்கு ஒவ்வாமை உண்டா?’ என்றொரு கேள்வியும் இருந்தது; அந்தச் சாய நீர்மத்தைத்தான் ஆங்கிலத்தின் ‘கான்ட்ராஸ்ட் ஏஜென்ட்’டைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அப்படி எழுதியிருந்தார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருவரேனும் அதை உரக்கப் படித்திருந்தால் திருத்தியிருப்பார்கள். பெரியப்பா ‘இல்லை’ என்று குறித்திருந்தார். மறுநாள் காலை செவிலியர், “ஐயா, முன்னாடி ஸ்கேனுக்குச் சாய ஊசி போட்டப்ப உடம்புல தடிப்பு ஏதும் வந்துச்சா?” என்று கேட்டார். “ஆமாம்மா, கை முழுக்க வந்துச்சு” என்றார் பெரியப்பா.