சாட்சி சொல்லியாச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?

சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு கிராமம். சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி. மேஜிக் ஷோ முடிந்து, புறாக் கூண்டை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, பையனுக்கு வலிப்பு வரும். ஒங்க கையால தலையைத் தொட்டு ஒரு ஜெபம் பண்ணி விடுங்களேன்."

"ஏம்மா, ஐயர் உள்ளேதானே இருக்கிறார், அவரிடம் கேட்கலாமே" என்றேன். ஐயர் என்றால் எங்கள் பக்கத்தில் சபைப் போதகர்.

"இல்ல அண்ணாச்சி, கிழிஞ்ச பேப்பரையே சேத்துட்டீங்கள்லா."

கையில் இருந்த கூண்டைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்குக் கடைசி ஐட்டமாக நாளிதழ் ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து, உதறி, முழுத்தாளாகக் காட்டியிருந்தேன். இருபத்திரண்டு வருஷமாகச் செய்யும் ஐட்டம். அதைப் பார்த்து இப்படி ஒரு முடிவுக்கு யாராவது வருவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. "மாத்திரை என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் பையனை மேடையேற்றி ஜெபித்திருக்கிறார்கள். "சுகமாயிட்டான்னு சாட்சி சொல்லியாச்சு. அப்புறம் மாத்திரை குடுத்தா விசுவாசம் இல்லன்னு ஆயிரும்லா." ஒன்பது நாளாக மாத்திரை இல்லை. முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் மறுபடி வலிப்பு வந்திருக்கிறது.

இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். உட்காரத்தான் இத்தனை நாளாகிவிட்டது.

நான் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் மேஜிக் செய்கிறவன். மனைவி சவுண்ட் பாக்ஸும் பாட்டும் பார்த்துக்கொள்வாள். மகள்தான் பெட்டிக்குள் காணாமல் போகிறவள். இப்போது வளர்ந்துவிட்டதால் பெட்டிக்குள் அடங்க மாட்டேன் என்கிறாள். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிகள், ஆகஸ்டில் தூத்துக்குடி பனிமய மாதா திருவிழாக் காலம், செப்டம்பரில் வேளாங்கண்ணியை ஒட்டிய ஊர்கள், டிசம்பர் முழுக்க கிறிஸ்துமஸ். பெரிய வருமானம் கிடையாது. முதலூரில் ஒரு தடவை பாதிக் கூலியை மஸ்கோத்து அல்வாவாகக் கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கிறிஸ்தவன் மேஜிக் செய்யலாமா என்ற கேள்வி என்னைத் துரத்தாத ஊர் இல்லை. தமிழ் வேதாகமத்தில் உபாகமம் 18ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், சூனியக்காரன் என்று ஒரு பட்டியல் வரும். அதில் மாயவித்தைக்காரனும் உண்டு. சபை மூப்பர் ஒருவர் அந்த வசனத்தில் விரலை வைத்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் வந்து நின்றதும் நடந்திருக்கிறது. நான் அவரிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, எப்படி மறைக்கிறேன் என்று மெதுவாகச் செய்து காட்டினேன். ஐந்தாவது தடவை அவரே செய்துவிட்டார். "இவ்வளவுதானா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இதே சந்தேகத்தில் டான் போஸ்கோவும் மாட்டியிருக்கிறார் என்பதை ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். 1815இல் இத்தாலியில் ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சின்ன வயதில் கயிற்றின் மேல் நடந்தும் வித்தை காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைச் சேர்ப்பார். காசு வாங்க மாட்டார். கூடவே உட்கார்ந்து ஜெபம் சொல்ல வேண்டும், அதுதான் டிக்கெட். கியேரி என்ற ஊரில் மாணவராக இருந்தபோது, இவன் பிசாசின் உதவியால் செய்கிறான் என்று புகார் போய், ஒரு குருவானவர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். விசாரணைக்கு நடுவில் குருவானவர் மணி பார்க்கக் கடிகாரத்தைத் தேடினால் காணோம். பணப்பையும் காணோம். அப்புறம் பையனே அவற்றை எங்கே எடுத்தேன், எங்கே ஒளித்தேன் என்று சொல்ல, அவர் சிரித்துவிட்டாராம். அந்தப் பையனைத்தான் 1934இல் புனிதர் என்று அறிவித்தார்கள். மேஜிக்காரர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராக வைத்திருக்கிறார்கள். நான் சிஎஸ்ஐ என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரன், புனிதர்களிடம் வேண்டிக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆனாலும் வேனில் அவர் படம் ஒன்று இருக்கிறது.

கடிகாரத்தை எங்கே ஒளித்தேன் என்று சொல்லிவிட்டார் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். இது கைவேலை என்று தெரிந்துதான் பார்க்கிறவர்கள் பார்க்க வேண்டும். தமிழில் இதற்குச் செப்படி வித்தை என்ற நல்ல பெயரே இருக்கிறது. செப்பு என்றால் சிறு கிண்ணம், உள்ளே பந்து, அவ்வளவுதான். இதே வேலையை வேறு மாதிரிச் செய்தவர்களும் நம் ஊரில் உண்டு. தெருவில் வித்தை காட்டிய மோடி மஸ்தானைப் பார்த்த தலைமுறைக்குத் தெரியும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று கூட்டம் சேர்ப்பார். யாராவது பாதியில் கிளம்பினால் ரத்தம் கக்கிச் சாவான் என்பார். கடைசி வரை கூடையிலிருந்து கீரி வராது, தாயத்துதான் வரும். சின்ன வயதில் சாத்தான்குளம் சந்தையில் பயத்தில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு அந்த வட்டத்துக்குள் நின்றவன் நான். மேஜிக்கில் ஆசை வந்தது அங்கேதான். பயமுறுத்தி நிற்கவைக்கக் கூடாது என்று தோன்றியதும் அங்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஊழியரையும் மனதில் வைத்து நான் எழுதவில்லை. ஜெபத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் முழங்கால்தான் போடுவோம். ஆனால் மேடையில் சிலர் செய்வதைப் பார்க்கும்போது, தச்சன் இன்னொரு தச்சனின் ஆணியை அடையாளம் காண்பது போல எனக்குத் தெரிந்துவிடுகிறது. தொழில் ரகசியத்தை வெளியே சொன்னால் இதே தொழில் செய்பவர்கள் முறைப்பார்கள். கீழே சொல்வதை எந்த மேஜிக்காரரும் மேஜிக் என்று காட்டிக் காசு வாங்குவதில்லை. அதனால் சொல்லலாம்.

குட்டைக் கால் நீளுவதைப் பார்த்திருப்பீர்கள். இதை இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு கால்களையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். இரண்டு குதிகால்களையும் உங்கள் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, இரண்டு பாதங்களையும் சேர்த்து மெல்ல ஒரு பக்கமாக நகர்த்துங்கள். இடுப்பு அசையாததால் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரியும். கூட்டத்துக்கு அதைக் காட்டுங்கள். இப்போது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பேசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கால் "வளர்ந்துவிடும்". உட்கார்ந்திருப்பவருக்கே இழுப்பது போல ஓர் உணர்வு வரும், அவர் சத்தியம் செய்து சாட்சி சொல்வார். ஷூ போட்டிருந்தால் இன்னும் சுலபம். ஒரு ஷூவைக் குதிகாலிலிருந்து அரை இன்ச் நழுவவிட்டு வைத்தால் அந்தக் கால் நீளம், திரும்பத் தள்ளிவிட்டால் இரண்டும் சமம். என் மகளுக்கு இதைச் செய்ய ஒன்பது வயதில் வந்துவிட்டது.

நாற்காலி வித்தை அதைவிடச் சின்னது. தடியூன்றி நடந்து வரும் பெரியவரை வாசலிலேயே அன்பாகச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். மேடையிலிருந்து "எழுந்து நட" என்றால் அவர் நடப்பார். அவர் நடந்துதான் வந்தார் என்பது பின்வரிசைக்கு எப்படித் தெரியும்?

வெளிப்பாடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "இடுப்பு வலியோடு இங்கே ஒரு சகோதரி இருக்கிறீர்கள்." இரண்டாயிரம் பேர், மூன்று மணி நேரமாகத் தேரி மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பு வலிக்காத சகோதரி யார்? "ஜெ என்ற எழுத்தில் உங்கள் பேர் தொடங்குகிறது." நாசரேத்திலோ சாயர்புரத்திலோ இதைச் சொன்னால் ஜெபராஜ், ஜெயா, ஜெனிபா என்று பாதிப் பந்தல் எழுந்து நிற்கும்.

பேரையும் தெருவையும் நோயையும் துல்லியமாகச் சொன்னால்? அமெரிக்காவில் பீட்டர் போபாஃப் என்ற பிரசங்கியார் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக்காரர் தன் ஆட்களோடு வானொலிக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். 39.17 மெகாஹெர்ட்ஸில் பிரசங்கியாரின் மனைவி குரல் கேட்டது. கூட்டம் தொடங்குவதற்கு முன் மக்கள் எழுதிக்கொடுத்த ஜெப விண்ணப்பச் சீட்டுகளை அந்த அம்மா வாசிக்க, இவர் காதில் ஒளித்துவைத்த சின்னக் கருவியில் கேட்டுக்கொண்டே மேடையில் சொல்லியிருக்கிறார். ராண்டி அதைத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினார். அடுத்த வருஷம் பிரசங்கியார் திவால் மனு கொடுத்தார். அதைக் கண்டுபிடித்தது ஒரு மேஜிக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் மார்த்தோமா சபைப் போதகருக்கு மகனாகப் பிறந்து, இலங்கைக்குப் போய், முழு நாத்திகராக ஆனவர். அவர் முடிவுகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் 1963இல் அவர் விட்ட சவால் நேர்மையானது. ஏமாற்ற வழியில்லாத நிபந்தனைகளின் கீழ் ஓர் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். பட்டியலில் ஒன்று, உறைக்குள் மூடி வைத்த பண நோட்டின் எண்ணைச் சொல்வது. அதை நானும் மேடையில் செய்கிறேன். ஆனால் எதை எங்கே வைப்பது என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும். நிபந்தனையை நீங்கள் போட்டால் என்னால் முடியாது. 1978இல் அவர் சாகும்வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை.

இந்த வித்தைகளால் கூட்டம் ஏமாந்து கைதட்டிவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். சாட்சிதான் ஆபத்து. மைக்கைக் கையில் கொடுத்து, ஊரே பார்க்க "சுகமானேன்" என்று சொல்லவைத்த பிறகு, மறுநாள் வலி திரும்பினால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் விசுவாசக் குறைவு. மாத்திரை போட்டால் அதைவிடக் குறைவு. மோடி மஸ்தானாவது ரத்தம் கக்குவாய் என்று வாய்விட்டு மிரட்டினார். இங்கே மிரட்டலை வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து நிற்காமல் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலினை நிறுத்துவதும் அப்படியே. காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் அப்புறம் அந்த மருந்தே கேட்காமல் போகலாம்.

வேதத்தை மதிக்கிறவர்கள் லூக்கா 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகளிடம் இயேசு என்ன சொன்னார்? ஆசாரியர்களிடம் போய்க் காட்டுங்கள் என்றார். அந்தக் காலத்தில் குஷ்டம் இருக்கிறதா, போய்விட்டதா என்று தோலைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுக்கு. லேவியராகமத்தில் அதற்கு இரண்டு அதிகாரமே இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பவர் உங்கள் டாக்டர். சுகமானது உண்மையென்றால் பரிசோதனை அதைக் காட்டும், மாத்திரையைக் குறைப்பதை அவர் சொல்லட்டும். சுவிசேஷத்தை எழுதிய லூக்காவையே பவுல் வைத்தியன் என்றுதான் அழைக்கிறார்.

சட்டமும் இருக்கிறது, ஆனால் அதை எடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. 1954ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி, தாயத்து, மந்திரம் போன்றவற்றால் புற்றுநோய், சர்க்கரை, வலிப்பு, பக்கவாதம் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. இது எல்லா மதத்துக்கும் பொது.

அந்த அம்மாவின் "கிழிஞ்ச பேப்பர்" என் ஷோவையும் மாற்றிவிட்டது. நோட்டீஸில் "அற்புத மேஜிக்" என்று போட்டிருந்தால் அற்புதம் என்பதை அடிக்கச் சொல்கிறேன். ஜெபிப்பது போல் கையை உயர்த்தி எந்த ஐட்டமும் செய்வதில்லை. முன்பு தண்ணீர் திராட்சரசமாவது போல ஒன்று செய்வேன், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் எந்தக் கதையை நம்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறோமோ, அதையே ரசாயனத்தூள் போட்டுக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. தொடங்கும்போதே, "இப்போது அரைமணி நேரம் உங்களை ஏமாற்றப் போகிறேன், கண்டுபிடிக்கிறவர்களுக்கு மிட்டாய்" என்கிறேன். கைதட்டல் குறையவில்லை.

அன்றைக்கு அந்தப் பையனுக்காக ஜெபித்தேன், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு பேப்பரை எடுத்து, கிழித்த துண்டு எங்கே போகிறது, முழுத்தாள் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவுக்கும் பையனுக்கும் காட்டினேன். ஐயரைக் கூப்பிட்டேன். அவர் அந்த அம்மாவிடம், "மாத்திரை போட்டால் சாட்சி பொய்யாகாது, நான் சொல்கிறேன், நாளைக் காலையில் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்" என்றார். நான் சொன்னதைவிட அதுதான் வேலை செய்தது. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108க்குக் கூப்பிடுங்கள் என்று அந்த வழியே ஆஸ்பத்திரி நர்சம்மா ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுவருஷம் அதே அசனத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பையன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மாத்திரை தவறவில்லை, எட்டு மாதமாக வலிப்பு வரவில்லை என்று அம்மா சொன்னார். நான் பேப்பரைக் கிழிக்கத் தொடங்கினேன், இரண்டாவது கிழியலுக்குள் அவன் எழுந்து நின்று, "எல, இன்னொரு பேப்பர் பின்னால மடிச்சு வச்சிருக்காரு!" என்று மொத்தப் பந்தலுக்கும் கேட்கும்படி கத்தினான். மிட்டாய் கொடுத்தேன். இப்போது கடைசி ஐட்டத்துக்குக் கயிறு வைத்திருக்கிறேன்.