பழைய காருக்குப் புது இன்ஜின்: சட்டம் எதுவரை இடம் கொடுக்கிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் இன்னும் பல வீட்டுக் கொட்டகைகளில் நிற்கின்றன. சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிடுகிற வண்டியை வைத்திருப்பவருக்கு, புது இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் இறக்கிவிடலாமே என்ற ஆசை வருவது இயல்பு. பட்டறையில் அந்த வேலை முடியும். ஓசூர்ப் பக்கம் லேத் வேலையில் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வேலை முடிந்த பிறகு அந்த வண்டியை ஆர்.சி. (பதிவுச் சான்று) ஏற்றுக்கொள்ளுமா என்பதை, பழைய இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் ஆர்.சி. விவரங்களும் வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. இன்ஜின் எண், சேசிஸ் எண், சி.சி., எரிபொருள் எல்லாமே ஆர்.சி.யில் இருப்பவை. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதற்கு முன் சில இடங்களில் இருந்த தாராளப் போக்கு அத்தோடு முடிந்தது.

பழுதுபார்ப்பதற்கு இந்தத் தடை கிடையாது. அதே இன்ஜின் பிளாக்கில் போர் போட்டு (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து), புது பிஸ்டன், ரிங், வால்வு மாற்றினால் இன்ஜின் எண் மாறாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொப்பூரில் கொதிக்கிற வண்டிக்கு ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு நீக்கி, தண்ணீர் பம்ப்பையும் ஃபேன் பெல்ட்டையும் சரிசெய்தாலே பாதிக் கவலை தீரும். முதலில் இதைச் செய்து பார்க்கச் சொல்லித்தான் நான் எல்லோரையும் வற்புறுத்துகிறேன்.

பிளாக் வெடித்து இன்ஜினையே மாற்றியாக வேண்டிய நிலை வந்தால், அதே நிறுவனத்தின் அதே வகை இன்ஜினுக்கு வழி இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். தருமபுரிக்கு டி.என்.29, கிருஷ்ணகிரிக்கு டி.என்.24, ஓசூருக்கு டி.என்.70, நீங்கள் குடியிருக்கும் பகுதி எதில் வருகிறதோ அந்த அலுவலகம். மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்துப் புது எண்ணைப் பதிவுசெய்ய வேண்டும். வண்டி மீது கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் தேவை.

இங்கே மிகவும் கவனிக்க வேண்டியது அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பது. காயலான் கடையில் பில் இல்லாமல் வாங்கிய இன்ஜின் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் வழக்கு உங்கள் மீது திரும்பும். விற்பவரின் பில், அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆய்வின்போது எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். ஒரு எழுத்து உளியால் கொத்தியதுபோலத் தெரிந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும். ஆகவே கடையிலேயே ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய் நீங்களே தேய்த்துப் பாருங்கள்.

இனி, பலரும் உண்மையில் ஆசைப்படுகிற மாற்றம். 1,089 சி.சி. பத்மினியில் மாருதி இன்ஜினை இறக்குவது, 1,489 சி.சி. அம்பாசிடரில் 1990களில் வந்த 1,817 சி.சி. இசுசு இன்ஜினை மாட்டுவது. முதலாவதில் நிறுவனமே வேறு. இரண்டாவதில் கார் நிறுவனம் ஒன்றுதானே என்று வாதிடுபவர்கள் உண்டு; ஆனால் இன்ஜினின் வகையும் சி.சி.யும் வேறு, ஆகவே 'அதே வகை' என்ற சொல்லுக்குள் அது அடங்காது. இரண்டையும் சாலையில் ஓட்டுவதற்கு இன்றைய சட்டத்தில் வழி இல்லை.

கியர் பெட்டி ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை என்பதால் அதை மாற்றலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வண்டியின் கட்டமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறும்படி செய்வதுதான் 'மாற்றம்' என்று 52ஆவது பிரிவின் விளக்கம் கூறுகிறது. பழுதான பெட்டிக்குப் பதில் அதே மாதிரிப் பெட்டியைப் பொருத்துவதில் பிரச்சினை இல்லை. ஐந்து கியர் பெட்டியை நுழைக்க சேசிஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைப்பது வேறு விஷயம். அது கட்டமைப்பில் கை வைப்பது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தாலும் எனக்கு இதில் பயம் உண்டு. இந்தக் கார்களின் பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். ஏற்றத்தில் வேகம் கொடுக்கிற இன்ஜின் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போதும் அதே காரில்தான் இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்துகளை இந்தப் பக்கத்து மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182-ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பதிவை இடைநிறுத்தவும் முடியும். அது ஆறு மாதம் தொடர்ந்தால் ரத்து செய்யவும் வழி இருக்கிறது. இவற்றைவிடக் கனமான அடி காப்பீட்டில் விழும். விபத்துக்குப் பின் வரும் மதிப்பீட்டாளர் பார்க்கும் முதல் விஷயங்களில் இன்ஜின் எண்ணும் ஒன்று. ஆர்.சி.யோடு அது பொருந்தாவிட்டால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

எரிபொருளை மாற்றுவதற்குச் சட்டமே கதவு திறந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற எல்.பி.ஜி., சி.என்.ஜி., மின்சாரக் கிட்களை அதற்கு உரிமம் பெற்றவரிடம் பொருத்தி, ஆர்.சி.யில் பதிவுசெய்துகொள்ளலாம். ஒரகடத்தில் உள்ளது போன்ற வாகனச் சோதனை மையங்களில் தேறிய கிட்டாக இருக்க வேண்டும். உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் அது செல்லுமா என்பதைச் சான்றிதழில் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

50 ஆண்டு தாண்டிய காரா? அப்படியானால் இன்ஜினைத் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவுசெய்ய அனுமதிக்கின்றன. சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் எண் கிடைக்கும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் சந்தைக்குப் போகவோ வாடகைக்கு விடவோ முடியாது.

விண்ணப்பம் பரிவாகன் இணையதளம் வழியாக, படிவம் 20இல். காப்பீடு, பழைய ஆர்.சி., கட்டணம் ஆகியவை சேர வேண்டும். நம் பகுதியில் ஒரு கூடுதல் தேடல் இருக்கிறது. தருமபுரி மாவட்டம் 1965இல் சேலத்திலிருந்தும், கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்தும் பிரிந்தவை. ஆகவே தாத்தா காலத்துக் காரின் முதல் பதிவு சேலத்தில் இருக்கக்கூடும். பழைய ஆர்.சி. புத்தகம் செல்லரித்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். முதல் பதிவுத் தேதியைக் காட்டுவது அந்தப் புத்தகம்தான்.

அன்றாடம் ஓட்ட விரும்பினால் சாதாரணப் பதிவையே புதுப்பிக்கலாம். 15 ஆண்டுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, படிவம் 25இல். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயானது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் ஆய்வு செய்வார்கள் என்பதால், எண் மாறிய இன்ஜின் பெரும்பாலும் அன்றுதான் பிடிபடும்.

ஏற்கெனவே வேறு இன்ஜின் மாட்டிய காரை வைத்திருப்பவர்கள் கழற்றிய மூல இன்ஜினைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைத்தால் மீண்டும் பொருத்தி நிமிரலாம். ஓசூர்க்காரர்கள் அத்திப்பள்ளி தாண்டிப் பழைய கார் வாங்கப் போகும்போது, கர்நாடக அலுவலகத்தின் தடையில்லாச் சான்றை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். எண் பொருந்தாத காரை இங்கே தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற முடியாது.