குரூப் தொடங்கும் முன் கதவைத் தட்டுங்கள்

நகர் நலச் சங்கமோ, மகளிர் சுயஉதவிக் குழுவோ, மீனவர் கிராமமோ, கடலூர்ப் பக்கம் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும், ஊர்ச் செய்தியை எல்லோருக்கும் எப்படிச் சேர்ப்பது என்ற பேச்சு ஒரே மாதிரிதான் முடிகிறது. "ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டுடலாம்" என்பார் ஒருவர். "இப்ப எல்லாரும் இன்ஸ்டாவுலதான் இருக்காங்க" என்பார் இன்னொருவர், தன் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துக்கொண்டு. ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குரூப்பில் 180 பேர் இருப்பார்கள். நாளைக்குத் தண்ணீர் வராது என்ற செய்தி மட்டும் தெருக்கோடி வீட்டுக்குப் போயிருக்காது.

எந்தத் தளம் என்பதை ஊரிடமே கேட்டு முடிவு செய்யலாம். நடுத்தரமான ஒரு குடியிருப்புக்கு 60 கதவுகளைத் தட்டினால் போதும். ஆனால் யாரிடம் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதில் சறுக்கினால், எண்கள் கையில் இருக்கும் தைரியத்தில் தவறான முடிவை இன்னும் உறுதியாக எடுத்துவிடுவோம்.

மிக அதிகமாக நடக்கும் சறுக்கல், கூகுள் பார்ம் ஒன்றைத் தயாரித்து, ஏற்கெனவே இருக்கும் குரூப்பில் போட்டுவிடுவது. குரூப்பில் இல்லாதவர், இருந்தும் திறக்காதவர், வீட்டில் போன் இருந்தும் தன் கைக்கு வராதவர், இவர்களில் ஒருவர்கூட அந்தப் பார்மைப் பார்க்கப்போவதில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஏறி நின்று "பஸ்ஸில் வராதவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சுமார் 1 கோடி சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் பெரும் வித்தியாசத்தில். சீட்டு அனுப்பிய முகவரிகளில் பெரும்பகுதி டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்தக் காலத்தில் டெலிபோனும் காரும் யார் வீட்டில் இருந்தன என்று யோசித்தாலே காரணம் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, வந்த சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பும் அக்கறை யாருக்கு இருந்தது என்பது. எண்ணிக்கை கூடினால் இந்தக் கோளாறு தீராது.

ஆகவே தாளும் பேனாவுமாக நேரில்தான் போக வேண்டும். 240 வீடுகள் உள்ள ஒரு நகர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, நடந்துபோய் வீட்டுப் பட்டியல் எழுதுவது. வாக்காளர் பட்டியலை நம்பக் கூடாது. பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர், மாடி போர்ஷன், கெடிலம் ஆற்றங்கரைக் குடிசை எல்லாம் அதில் விட்டுப்போகும். பட்டியலுக்கு 1 முதல் 240 வரை எண் போடுங்கள். 60 வீடு வேண்டுமென்றால் நான்குக்கு ஒன்று. 1 முதல் 4 வரை சீட்டு எழுதிக் குலுக்குங்கள். 3 வந்தால் 3, 7, 11, 15 என்று 239 வரை போகும். நான்கு வீடு ஒரு பிளாக்காகக் கட்டிய குடியிருப்பில் மட்டும் இந்த முறை வேண்டாம். ஒவ்வொரு பிளாக்கிலும் அதே மூலை வீடுதான் வந்துகொண்டிருக்கும். அங்கே 240 சீட்டையும் ஒரு பானையில் போட்டு 60 எடுப்பதே சரி.

பூட்டியிருக்கும் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிடுவது தன்னார்வலர்களுக்கு இயல்பாக வரும் பழக்கம். இதை முதல் நாளே கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். பூட்டியிருக்கும் வீடு பெரும்பாலும் ஷிப்ட் வேலைக்காரர் வீடு. சிப்காட்டுக்கோ நெய்வேலிக்கோ போகிறவர். செய்தி போய்ச் சேராதவர்களில் முதல் வரிசையில் இருப்பவரும் அவர்தான். வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போங்கள். அதற்கும் கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு தகவல்தான்.

வீட்டுக்குள் யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். கதவைத் திறந்தவரிடமே கேட்டால் சாயங்காலத்தில் ஓய்வுபெற்ற பெரியவர்களும், பகலில் வீட்டிலிருக்கும் பெண்களும் மட்டுமே நம் மாதிரியில் (கேட்கத் தேர்ந்தெடுத்தவர்களில்) நிறைவார்கள். 18 வயது நிறைந்தவர்களில் யாருடைய பிறந்த நாள் கடைசியாக வந்துபோனதோ அவரிடம் கேளுங்கள். பிறந்த தேதி தெரியாத வீட்டில் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்குங்கள். பெண்களிடம் கேட்கப் பெண் தன்னார்வலரே போகட்டும். மீனவர் கிராமமென்றால் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் காலடி வைக்க வேண்டும். நேரமும் அவர்கள் நேரம்: கடலுக்குப் போனவர்கள் திரும்பி, வலை சீர்பார்க்க உட்காரும் முன்மதியம் ஆண்களுக்கு, கூடையோடு விற்கப் போன பெண்களுக்கு நான்கு மணிக்கு மேல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது ஆட்கள் கரையில் சுலபமாகக் கிடைப்பார்கள், ஆனால் போன் பார்க்கும் பழக்கமும் அந்த இரண்டு மாதத்தில் மாறியிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளாமல் ஆண்டு முழுவதற்கும் பொருத்திவிடக் கூடாது.

கேள்விக்கு வருவோம். இங்கேதான் சர்வே பிழைப்பதும் சாவதும்.

"போன் வச்சிருக்கீங்களாக்கா?"

"இருக்கும்மா."

இத்தோடு 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால், அந்தத் தாள் பொய் சொல்லும். இன்னும் இரண்டு கேள்வி வேண்டும்.

"இப்ப போன் எங்கக்கா இருக்கு?"

"பையன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். ஆறு மணிக்கு மேலதான் வரும்."

"குரூப்புல ஏதாச்சும் வந்தா?"

"அவன் பாத்துட்டுச் சொன்னா உண்டு."

இந்த மூன்று பதிலில் ஒரு தளத்தின் முழு நிலவரமும் இருக்கிறது. காலை பத்து மணிக்குப் போடும் செய்தி இந்த வீட்டுக்கு மாலை ஆறுக்கு வரும். அதுவும் மகன் வழியாக, அவனுக்குச் சொல்லத் தோன்றினால். பட்டியலில் இந்த அக்கா 'வாட்ஸ்அப் பயன்படுத்துபவர்' அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), இந்திய அளவில் தானே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன பெண்கள் 54 சதவீதம். ஒரு தடவையாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதற்குப் பிறகு போன்கள் பெருகிவிட்டன. ஆனாலும் வீட்டில் போன் இருப்பது வேறு, அது யார் கையில் இருக்கிறது என்பது வேறு.

"வாட்ஸ்அப் பார்ப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேத்து காலையிலேர்ந்து ராத்திரி படுக்குற வரைக்கும் போன்ல என்னென்ன தொறந்து பாத்தீங்க?" என்று ஒரு நாளைக் குறித்துக் கேட்டால் நிஜம் வரும். யூடியூபில் சமையல், வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு வீடியோ காலில் பேச்சு, பேஸ்புக்கில் ரீல்ஸ் என்று அவர்களே வரிசையாகச் சொல்வார்கள். நீங்கள் பெயர் சொல்லிக்கொடுக்காதீர்கள். வாசித்துக் காட்டும் பட்டியலில் கடைசியில் வருவது காதில் தங்கும். அச்சடித்துக் கையில் கொடுத்தால் முதலில் இருப்பது கண்ணில் படும். பட்டியல் அவசியம் என்றால் பாதித் தாள்களில் வரிசையைத் தலைகீழாக அச்சடியுங்கள்.

"ஊர் முன்னேற்றத்துக்காக நம்ம குரூப்பில் சேருவீங்களா?" என்பது கேள்வியே அல்ல, வேண்டுகோள். வாசலில் நின்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். "வாட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் பார்ப்பீங்களா?" என்பதில் இரண்டு கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வரும் 'ஆமாம்' எதற்கு என்று பிறகு தெரியாது. "படிக்கத் தெரியுமா?" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். "மெசேஜ் வந்தா நீங்களே பாத்துக்குவீங்களா, வீட்ல யாராச்சும் படிச்சுச் சொல்லுவாங்களா?" என்று கேட்டால் அதே பதில் மரியாதையோடு கிடைக்கும். வாய்ஸ் மெசேஜா எழுத்தா என்ற முடிவு இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

நாங்கள் மிகவும் மதிக்கும் கேள்வி, நடந்த ஒன்றைப் பிடித்துக் கேட்பது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை ஆற்றில் பாய்ந்தது. "அன்னைக்கு வெள்ளம் வருதுன்னு உங்களுக்கு மொதல்ல யார் சொன்னா?" என்று கேளுங்கள். டிவி, பக்கத்து வீட்டுக்காரர், கோவில் மைக், ஆட்டோ அறிவிப்பு, சென்னையில் இருக்கும் மகளின் போன் என்று பதில் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பதில் எந்த விருப்பக் கேள்வியையும்விட எடை கூடியது. 2011 டிசம்பர் 30 தானே புயலை நினைவில் வைத்திருப்பவர்களிடம், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் செய்தி எப்படி வந்தது என்றும் கேட்டுவிடுங்கள். சார்ஜ் இறங்கிய போனில் எந்தத் தளமும் இல்லை.

மொத்தம் 12 கேள்விக்கு மேல் போகக் கூடாது, பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். களத்துக்குப் போகும் முன் மாதிரியில் வராத எட்டுப் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு "என்னா கேக்குறீங்க?" என்ற பதில் வருகிறதோ அதைத் திருத்துங்கள். நான்கு பேர், ஆளுக்கு 15 வீடு, இரண்டு மூன்று சாயங்காலம். சங்கப் பொறுப்பாளரே கேட்கப் போவது நல்லதல்ல. அவர் மனம் குளிரும் பதில்தான் கிடைக்கும். கேள்வித்தாளில் பெயரும் போன் நம்பரும் வேண்டாம். வீட்டு எண்ணைத் தனித்தாளில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி எண்ணுவது. இதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. 60 பேரில் வாட்ஸ்அப்பைத் தன் கையால் தினமும் பார்ப்பவர் 48, யூடியூப் 44, பேஸ்புக் 30, கோவில் மைக் காதில் விழுபவர் 26. கூட்டத்தில் இதைக் காட்டினால் "சரி, வாட்ஸ்அப்பும் யூடியூபும்" என்று உடனே முடிவாகும். அது தவறு. முதல் தளத்தில் விட்டுப்போன 12 தாள்களைத் தனியாக எடுத்துத் தரையில் பரப்புங்கள். அவர்களில் யூடியூப் பார்ப்பவர் இரண்டே பேர். மற்ற 42 யூடியூப்காரர்களும் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் இருப்பவர்கள். மைக் கேட்பவர்களோ அந்தப் 12 பேரில் 9. ஆக வாட்ஸ்அப்போடு யூடியூபைச் சேர்த்தால் 50 பேர், மைக்கைச் சேர்த்தால் 57 பேர். பட்டியலில் கடைசியில் இருந்த மைக்தான் இரண்டாவது வழி. முதல் தளம் யாரை விட்டுவிட்டதோ, அவர்கள் இருக்கும் இடமே இரண்டாவது தளம். மீதி மூன்று பேர் யார், எந்த வயது, எந்தத் தெரு என்று பாருங்கள். அங்கே ஒரு ஆள்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

240 வீட்டில் 60 கேட்டால் வரும் எண்ணில் ஏறக்குறைய 11 சதவீதப் புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். ஆகவே 48-க்கும் 44-க்கும் நடுவில் வெற்றி தோல்வி பேசக் கூடாது. பிழையை 5-க்குக் குறைக்க வேண்டுமென்றால் 148 வீடு கேட்க வேண்டும். குரூப் தொடங்கும் முடிவுக்கு அவ்வளவு உழைப்பு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. 12 பேர் என்பது சிறிய எண். திசை காட்டும், அளந்து சொல்லாது. சந்தேகம் வந்தால் அதே மாதிரி ஆட்களிடம் இன்னும் 15 பேரைக் கேட்டுப் பாருங்கள்.

தளத்தின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒவ்வொருவர் நம்பரும் மற்றவர்களுக்குத் தெரியும். பெண்கள் பலர் சேரத் தயங்குவதற்கும், சேர்ந்து வெளியேறுவதற்கும் இது பெரிய காரணம். சர்வேயிலேயே இதைச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் 256 பேர் வரைதான், அதிலும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பல சங்கங்களில் "அனுப்பினோமே, ஏன் வரலை?" என்ற சண்டை இங்கேதான் பிறக்கிறது. வாட்ஸ்அப் சேனலில் நம்பர் மறைந்திருக்கும், ஆனால் கேள்வி கேட்க வழியில்லை. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எது யாருக்கு எப்போது தெரியும் என்பதை அந்தத் தளமே தீர்மானிக்கிறது. இன்று மாலைக் கூட்டத்துக்கான அறிவிப்பு நாளை மறுநாள் கண்ணில் படும். விழா வீடியோவுக்கு அது நல்ல இடம், வெள்ள எச்சரிக்கைக்கு ஆகாது. எந்தத் தளமானாலும் உறுப்பினர் நம்பர்களைத் தாளில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் தங்களைப் பின்தொடர்ந்தவர்களை ஒரே இரவில் இழந்தார்கள்.

தளம் முடிவான பிறகு ஒரு சோதனை பாக்கியிருக்கிறது. எல்லோருக்கும் தேவையான, சிறிய, உண்மையான செய்தி ஒன்றை அனுப்புங்கள். வியாழன் காலை தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள், எட்டு மணிக்குள் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது போல. புதன் இரவு எட்டு மணிக்குப் பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த 20 வீட்டுக்குப் போய் "நாளைக்குத் தண்ணி எப்ப வரும்னு தெரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். எத்தனை லைக், எத்தனை புளூ டிக் என்று பார்க்க வேண்டாம். தெரியாது என்றவர்களுக்கு அங்கேயே செய்தியைச் சொல்லிவிட்டு, வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அந்த எண்களைப் பற்றி. ஐப்பசி மழை தொடங்கும் முன் இதை ஒருமுறை முடித்துவிடுங்கள்.