ஆள் பற்றாக்குறைக்கு அவசரப் பணி என்று பெயர் வைக்காதீர்கள்

அரசுப் பணியாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள என் அலுவலகத்துக்குச் சிறைக் காவலர்கள் கொண்டுவரும் 17(ஆ) குறிப்பாணைகளை, அதாவது ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி கடும் தண்டனைக்காகத் தரப்படும் குற்றச்சாட்டுக் கடிதங்களை, பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அண்மையில் வந்ததும் பழைய வகைதான். பகல் பணி முடித்த ஒருவரை, இரவுக்கு ஆள் வரவில்லை என்று மறுபடியும் பாராவில் நிறுத்தியிருக்கிறார்கள். விடியற்காலை ரோந்து வந்த அதிகாரி அவர் கண்ணயர்ந்திருந்ததைக் கண்டு, கடமையில் அலட்சியம் என்று குற்றச்சாட்டு எழுதியிருக்கிறார். எந்தச் சிறை என்பது இங்கே வேண்டாம். பாராக்காரர் தூங்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கு முன் அவர் எத்தனை மணி நேரம் தொடர்ந்து நின்றிருந்தார் என்ற விவரம் குறிப்பாணையில் ஓரிடத்திலும் இல்லை. அவரே எழுதிக் கொடுத்த விளக்கத்திலும் அது இல்லை, "மன்னித்து விடவும்" என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது என்பது எனக்கு அதைவிட எரிச்சலூட்டியது.

"அரசு ஊழியன் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் பணியில் இருப்பவன்தானே?" என்ற வாசகத்தை அதிகாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், பாதிக்கப்பட்ட காவலர்களே அதை வேதவாக்காக ஒப்புவிப்பதையும் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எந்த நேரத்தில் அழைத்தாலும் வரக் கடமைப்பட்டவர் என்பது ஒன்று. எல்லா நேரமும் வேலை செய்ய வேண்டியவர் என்பது முற்றிலும் வேறு. சிறையில் அபாய மணி அடித்தால், முறைப்பணி முடித்துக் குடியிருப்பில் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பவரும் எழுந்து ஓடத்தான் வேண்டும். கைதி தப்பியது, தீப்பிடித்தது, பிளாக்குக்குள் கைகலப்பு, பலர் ஒரே நேரத்தில் மயங்கி விழுந்தது போன்றவை அவசரநிலைகள். அவற்றுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு, நாட்குறிப்பில் பதிவு உண்டு, அடங்கியதும் ஆட்கள் வீடு திரும்புவார்கள். மாதக்கணக்கில் நிரப்பப்படாத பணியிடம் அந்தப் பட்டியலில் வராது. வாரத்துக்கு மூன்று முறை ஒரே காரணத்துக்காக ஒருவரை இரட்டை முறைப்பணியில் நிறுத்திவிட்டு, அதை அவசரப் பணி என்று பதிவேட்டில் எழுதினால், அது அவசரமும் இல்லை, அந்தப் பதிவு நேர்மையானதும் இல்லை. 2020-ல் கொரோனா பரவியபோது, சிறைகளில் நெரிசலைக் குறைக்க உயர்மட்டக் குழுக்களை அமைக்குமாறு உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அது அவசரநிலை. தீபாவளிக்கு நான்கு பேர் விடுப்பில் போனது அவசரநிலை அல்ல. தீபாவளி எந்தத் தேதியில் வரும் என்பது காலண்டரிலேயே இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் சிக்கல் எங்கிருக்கிறது என்று தெரியும். ஒரு கண்காணிப்புக் கோபுரத்தை ஆண்டு முழுதும் ஆளில்லாமல் விடாதிருக்க 8,760 மணி நேரப் பணி தேவை. எட்டு மணி நேர முறைப்பணி என்றால் மூன்று பேர் போதும் என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். ஒருவருக்கு ஆண்டில் வார ஓய்வு 52 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள். இவற்றைக் கழித்து, உடல்நலக் குறைவு, பயிற்சி, நீதிமன்றச் சாட்சியம் ஆகியவற்றையும் சேர்த்தால் உண்மையில் கிடைப்பது ஏறத்தாழ 260 நாள், அதாவது 2,080 மணி நேரம். ஆக, ஒரு கோபுரத்துக்கு நான்கு பேருக்கும் மேல் வேண்டும். மூன்று பேரை மட்டும் கொடுத்துவிட்டால் நான்காமவரின் வேலை, மற்ற மூவரின் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படும். ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் என்று 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு கூறுவதையும், அந்த ஒருவர் எந்நேரமும் விழித்தே இருப்பார் என்று எண்ணிப் படிக்கக் கூடாது.

ஊதியத்துக்கு வருகிறேன். இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே தேர்வில் எடுக்கிறது. அடிப்படைச் சம்பளமும் ஒன்றாகவே 18,200 ரூபாயில் தொடங்குகிறது. அதனால் சிறைத் துறைக்கு ஊதிய அநீதி எதுவும் இல்லை என்று வாதிடுவோர் உண்டு. அகவிலைப்படியை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு மணிக்கு 75 ரூபாய் சொச்சம் வருகிறது. அதே சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவருக்கு ஐம்பது ரூபாய்தான். ஊதிய விகிதம் காகிதத்தில் சமமாக இருக்கிறது, மணிக்கணக்கில் பார்த்தால் தேய்கிறது. "அவர்களுக்கென்ன, உள்ளே கிம்பளம் இருக்கிறது" என்று பேருந்து நிலையத்தில் பேசுகிறவர்களுக்கு ஒரு சொல்: லஞ்சம் வாங்குகிறவர் மீது வழக்குப் போடுங்கள், அதைக் காரணம் காட்டி வாங்காதவரின் கூலியைக் குறைக்காதீர்கள்.

வேலைநிறுத்தம் செய்து கேட்கவும் வழி கிடையாது. 2003-ல் தமிழக அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஒட்டி எழுந்த வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இங்கிலாந்திலும் சிறை அலுவலர்களை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அங்கே 2001-ல் அவர்களுக்கென்றே தனி ஊதிய மறுஆய்வு அமைப்பு ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதன் பரிந்துரைகளில் அங்குள்ளோர் மனநிறைவு அடைந்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஓர் உரிமையை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாக எதையாவது தர வேண்டும் என்ற எண்ணமாவது அங்கே சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கப்படுவோரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அலுவலர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களுக்குச் சீருடை இல்லை, கோபுரம் இல்லை, அபாய மணியும் இல்லை. 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைப் படித்தால், விசாரித்து அறிக்கை தருவது, விடுவிக்கப்பட்டவரைக் கண்காணிப்பது, அவருக்கு வேலை தேட உதவுவது வரை அவர்களின் பொறுப்புதான் என்று தெரியும். ஒடுகத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர் ஒன்றில், குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் விசாரித்துவிட்டுத் திரும்பினால் கடைசிப் பேருந்து போயிருக்கும். அறிக்கையோ மறுநாள் காலை நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அந்த இரவு வேலையை எவரும் பணி நேரமாக எண்ணுவதில்லை, பயணப்படிப் பட்டியலோ மாதக்கணக்கில் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறது. எதிர்த்தரப்பு உறவினர்கள் சூழ்ந்துகொண்டு மிரட்டிய அலுவலர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இந்த அலுவலர்கள் அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி பொதுப் பணியாளர்கள். மிரட்டப்பட்ட அன்றே காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். "எதற்கு சார் வம்பு" என்று சும்மா இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருவது யாருக்கும் உதவாது.

இனி, குறிப்பாணை வருவதற்கு முன்பே சிறைக் காவலர்கள் செய்ய வேண்டியவை. முறைப்பணி முடிந்தபின் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். கோபித்துக்கொண்டு வெளியேறாதீர்கள், அனுமதியின்றிப் பணியிலிருந்து விலகுவதையும், விடுப்பு முடிந்தும் வேண்டுமென்றே திரும்பாதிருப்பதையும், ஏன், கோழைத்தனத்தையும்கூட 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு குற்றமாக்கி, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. ஆள் தரத் தவறியவருக்கு அந்தப் பிரிவில் தண்டனை ஏதும் இல்லை என்பது வேறு கதை. அனுமதியின்றி வேறு வேலை பார்ப்பதும் அதே பிரிவில் வருகிறது. சம்பளம் போதவில்லை என்று ஓய்வு நாளில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். நின்றபின், யார் உத்தரவிட்டார், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விடுவித்தார் என்பதை அன்றே உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். ஈடுசெய் விடுப்புக் கேட்டு மனு கொடுத்து, அதன் நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாய்மொழியாகக் கேட்டதை எந்த நீதிமன்றமும் கண்டதில்லை.

குறிப்பாணை வந்துவிட்டால், விளக்கம் எழுதுவதற்கு முன் பணிப் பதிவேட்டையும் பாரா மாற்றப் பதிவையும் பார்வையிட அனுமதி கேளுங்கள். தேதியில்லாத மன்னிப்புக் கடிதத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். அரசு ஊழியர் வழக்குகளை விசாரித்து வந்த மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்ட பிறகு நாம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் ரிட் மனுவோடு போக வேண்டியிருக்கிறது. அங்கே நீங்கள் எழுதிக் கொடுத்த அந்த மன்னிப்பு வரிதான் உங்களுக்கு எதிரான முதல் ஆவணமாக வாசிக்கப்படும்.

கண்காணிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பணியிடம் காலியாக இருப்பது உங்கள் தவறு அன்று என்பதை அறிவேன். ஆனால் ஒருவரை இரண்டாம் முறைப்பணியில் நிறுத்தும்போது "ஆள் பற்றாக்குறை காரணமாக" என்ற மூன்று சொற்களைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவது உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். மேலிடத்துக்குக் கூடுதல் பணியிடம் கேட்டு நீங்கள் அனுப்பும் கருத்துருவுக்கும் அந்தப் பதிவுகளே சான்றாகும்.