12 வோல்ட்டுதானே, தொட்டா என்னன்னு கேக்கிறவங்களுக்கு

பழைய ரேடியோ அடாப்டர் ஒண்ணு செத்துப்போச்சுன்னு பிரிச்சேன், அந்தக் காலத்து கனமான வகை, உள்ள இரும்புத் தகடு அடுக்கின டிரான்ஸ்பார்மர் இருக்குமே அது. பாபின் (கம்பி சுத்தியிருக்கிற சட்டம்) நடுவுல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, ஒரு பக்கம் முடி மாதிரி மெல்லிசா பிரைமரி கம்பி (230 வோல்ட் உள்ள வர்றது), இன்னொரு பக்கம் தடியா செகண்டரி (12 வோல்ட் வெளிய போறது). 230 வோல்ட்டை 12 ஆக்குறது வெறும் சுத்து எண்ணிக்கை கணக்கு. நம்ம உயிரைக் காப்பாத்துறது அந்தத் தடுப்புதான், ஏன்னா ரெண்டு காயிலுக்கும் கம்பித் தொடர்பே கிடையாது, கரண்டோட சக்தி காந்தப்புலமாத்தான் தாண்டி வருது. (வீட்டு ஸ்டெபிலைசர்ல பெரும்பாலும் இருக்கிறது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், ஒரே காயில், அதுல இந்தப் பாதுகாப்பு இல்ல.)

கம்பி மேலதான் எனாமல் பூச்சு இருக்கேன்னா, அது பக்கத்துப் பக்கத்து சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க, மனுஷன் உயிரைக் காப்பாத்த யாரும் அதை மட்டும் நம்புறதில்ல. 230-ன்னு சொன்னாலும் உச்சத்துல அது 325 வோல்ட், இடி இடிச்சா ஒரு நொடிக்கும் குறைவா ஆயிரக்கணக்குல ஏறும், அதான் கம்பெனியில பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல 3000 வோல்ட், அதுக்கு மேலயும் குடுத்து தாங்குதான்னு பாக்குறாங்க. நாம மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வெச்சு "லீக் இல்ல"ன்னு சொல்றது வேடிக்கை, அது குடுக்கிறதே ஒரு சில வோல்ட், குறைஞ்சது 500 வோல்ட் குடுக்கிற மெக்கராவது (இன்சுலேஷனை சோதிக்கிற மீட்டர்) வேணும்.

லேபிள்ல கிளாஸ் பி, எஃப்னு இருக்கும், நிறைய பேர் அதை வோல்ட்டேஜ்னு நினைக்கிறாங்க, அது சூடு. ஏ-ன்னா 105 டிகிரி, பி 130, எஃப் 155, எச் 180, உள்ள ரொம்ப சூடான இடத்துல இன்சுலேஷன் தாங்குற அளவு. அதுக்கு மேல 10 டிகிரி ஏறினா ஆயுசு பாதியாகும்னு தொழில்ல ஒரு தோராயக் கணக்கு. சதுரத்துக்குள்ள சதுரம் இருந்தா டபுள் இன்சுலேஷன், எர்த் பின் தேவையில்ல.

என் அடாப்டர்ல பிரைமரி ஓப்பன், அதாவது கரண்ட் போற வழி எங்கயோ அறுந்திருக்கு. மஞ்சள் டேப்பை உரிச்சா அடியில அரிசி மணியை விட கொஞ்சம் பெருசா ஒரு தெர்மல் ஃபியூஸ் (சூடு மீறினா கரண்டைத் துண்டிக்கிறது), அதான் போயிருக்கு. ஷார்ட் பண்ணிட்டா ஓடும்னு பக்கத்து கடை அண்ணன் சொன்னாரு, ஓடும்தான், ஆனா அது எதனால போச்சுன்னு பாக்க பக்கத்துக் கம்பியை நகத்தால சுரண்டினேன், எனாமல் கருகின அப்பளம் மாதிரி பொலபொலன்னு உதிர்ந்துச்சு.